எக்ஸ்ரேயில் தெரிந்த உருண்டை: பிள்ளைகளின் சைனஸ் நீர்க்கட்டியை எப்போது வெட்டுவது, எப்போது விடுவது

கேள்வி இதுதான்: திருகோணமலையில் ஒன்பது வயது மகன். ஒரு வருடமாக அடிக்கடி தலையிடி, மூக்கடைப்பு. எக்ஸ்ரே அறிக்கையில் வலது கன்னத்துச் சைனஸில், அதாவது முக எலும்புக்குள் இருக்கும் காற்றறையில், நீர்க்கட்டி என்று எழுதியிருக்கிறது. ஒரு டொக்டர் ஒப்பரேஷன் வேண்டும் என்கிறார், இன்னொருவர் விட்டுவிடச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்க இடமுண்டு. எக்ஸ்ரே பார்ப்பவர் தான் கண்ட நிழலின் வடிவத்தைத்தான் எழுதுகிறார். சைனஸின் தரையில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி, ஓரம் மழுமழுப்பாக ஒன்று தெரிந்தால் நீர்க்கட்டி என்று போடுவார். அந்த ஒரு சொல்லுக்குள் நாலைந்து வேறு வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கும். கத்தியை எடுப்பதா இல்லையா என்பது, உள்ளே இருப்பது எது என்று பிரித்தறிந்த பிறகு வரும் கேள்வி. அந்தப் பிரிப்பு நடக்காமல் ஒப்பரேஷன் திகதி மட்டும் கையில் வந்திருந்தால் நான் அந்தத் திகதிக்கு அவசரப்படமாட்டேன்.

மிக அதிகமாகக் காணப்படுவது சாதாரண சளிக் கட்டி. சைனஸின் உட்தோலில் சளி சுரக்கும் நுண்ணிய சுரப்பிகள் உண்டு. ஒன்றின் வாய் அடைபட்டால் சுரந்தது வெளியேற வழியில்லாமல் அங்கேயே பை போல வீங்கும். சிலவேளை சுரப்பியும் அடைபடாது, அழற்சியால் தோலுக்கு அடியில் நீர் கோத்து உப்பி நிற்கும். படத்தில் இரண்டையும் வேறுபடுத்த முடியாது, சிகிச்சையிலும் வித்தியாசமில்லை. உள்ளே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் இருக்கும். எலும்பை இது அரிக்காது. வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும், சுருங்கும், அல்லது ஒருநாள் தானாக உடைந்து ஒரு மூக்கால் மஞ்சள் தண்ணீர் கொட்டிவிட்டு மறைந்துபோகும். பல்லுக்கோ வேறெதற்கோ எடுத்த படத்தில் தற்செயலாகத் தெரிவதுதான் பெரும்பாலும். இதற்குக் கத்தி தேவையில்லை.

இரண்டாவது, மூக்கின் பின்வாசல் வரை வளரும் ஒற்றைப் பொலிப், அதாவது உட்தோல் உப்பித் தொங்கும் மெதுவான சதை. பிள்ளைகளில் சத்திரசிகிச்சை உண்மையாகத் தேவைப்படுவது அதிகம் இதற்குத்தான். கன்னச் சைனஸின் சுவரில் நீர்ப்பையாகத் தொடங்கி, சைனஸின் வாயால் மெல்லிய காம்பாக வெளியே வந்து, மூக்கின் பின்புறத்தில் திராட்சைப்பழம் போலத் தொங்கும். எக்ஸ்ரேயில் சைனஸில் இருக்கும் பகுதி மட்டும் தெரிவதால் இதுவும் நீர்க்கட்டி என்ற பெயரிலேயே வந்து சேரும். அடையாளம் எளிது: ஒரே பக்க மூக்கு, இரவும் பகலும், மாதக்கணக்காக அடைத்திருக்கும். ஒரு நாசியைப் பொத்திக்கொண்டு மற்றதால் கண்ணாடியில் ஊதச் சொல்லுங்கள். எப்போதும் ஒரே பக்கம் ஆவி படியவில்லை என்றால் அந்தப் பக்கத்தை எண்டோஸ்கோப் (விளக்குள்ள மெல்லிய பார்வைக் குழாய்) வைத்துப் பார்க்காமல் விடக்கூடாது. பெரிதானால் வாயைத் திறக்கச் சொல்லி ரோச் அடித்தாலே உண்ணாக்குக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் தொங்குவது தெரியும்.

மூன்றாவது பல்லில் இருந்து வருவது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதை நான் முதலிலேயே நினைப்பேன். மேல்தாடையில் முளைக்காமல் இருக்கும் நிலைப்பல்லின் தலையைச் சுற்றி நீர்ப்பை உருவாகி, மேலே தள்ளிச் சைனஸை நிரப்பும். பல்லும் கூடவே மேலே போய்ச் சிலவேளை கண்குழியின் தரையருகில் இருக்கும். பாற்பல் விழவேண்டிய வயதில் ஒரு பக்கம் மட்டும் விழாமல் நிற்பது, விழுந்த இடத்தில் புதுப்பல் வராதது, ஈறுக்கு மேலே விரலால் அழுத்தினால் எலும்பு உப்பியிருப்பது, ஒரு பக்கப் பல்லுக்கொதி ஆகியவை குறிகள். மேல்தாடையில் முன்கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயதுக்குள்ளும், கோரைப்பல் 11, 12 வயதிலும் வருவது வழக்கம். இந்தக் கணக்கை வைத்து இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் பல் எக்ஸ்ரே ஒன்று போதும். பலர் காது மூக்குத் தொண்டை கிளினிக்கிலேயே சுற்றிக்கொண்டிருந்து பல் பிரிவின் வாசலை மிதிப்பதில்லை.

நான்காவது அரிதானது, ஆனால் பொல்லாதது. சைனஸின் வாய் முழுதாக அடைபட்டு, சைனஸ் முழுவதும் சளியால் நிரம்பி, எலும்புச் சுவரையே மெல்லத் தள்ளி விரியும். கண்ணுக்குப் பக்கத்துச் சைனஸில் வந்தால் கண் வெளியே தள்ளும், இரட்டையாகத் தெரியும். பிள்ளைக்கு இப்படியொன்றோ, இரண்டு பக்கமும் பொலிப்களோ இருந்தால் வியர்வையில் குளோரைட் அளவைப் பார்க்கும் சோதனையையும் செய்வார்கள். லீற்றருக்கு 60 மில்லிமோலோ அதற்கு மேலோ வந்தால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் என்று பொருள்.

கட்டி போலத் தெரிந்து ஆளை ஏமாற்றுபவையும் உண்டு. பதின்ம வயது ஆண் பிள்ளைக்கு ஒரு பக்க அடைப்போடு அடிக்கடி மூக்கால் இரத்தம் போனால் அது இரத்தக் குழாய்கள் நிறைந்த கட்டியாக இருக்கலாம். கிளினிக்கில் துண்டு வெட்டி எடுத்தால் இரத்தம் நிற்காது. சின்னப் பிள்ளையின் மூக்கின் மேல் உட்புறத்தில் இருக்கும் உருண்டை அழும்போது பெரிதானால், மூளையுறை இறங்கி வந்திருக்கக்கூடும். ஊசி போட்டு உறிஞ்சினால் மூளைக்காய்ச்சலை நாமே அழைத்தது போலாகும். மூக்குத் தண்டின் நடுவில் சின்னக் குழியும் அதில் ஒரு மயிரும் இருந்தாலும் எம்.ஆர்.ஐ. எடுக்கும்வரை கை வைக்கக்கூடாது. பிறந்த குழந்தைக்குக் கண்ணின் உள்மூலைக்குக் கீழே நீலமாக வீங்கி மூச்சுத் திணறினால் அது கண்ணீர்க் குழாயின் நீர்ப்பை. குழந்தைகள் முதல் மாதங்களில் மூக்காலேயே மூச்சு விடுவதால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஒரே பக்கத்து நெடுநாள் அடைப்பு எதுவாக இருந்தாலும், ஸ்கேன் முதலில், ஊசியும் வெட்டும் பிறகு.

இனி அந்த எக்ஸ்ரேக்கு வருவோம். பிள்ளையின் சைனஸ் பெரியவர்களுடையதைச் சிறிதாக்கியது போல இருப்பதில்லை. கன்னத்துச் சைனஸும் கண்களுக்கு இடையிலுள்ளதும் பிறக்கும்போதே இருக்கும். நெற்றியில் உள்ளது ஆறு ஏழு வயதுக்குப் பிறகே படத்தில் தெரியத் தொடங்கும். கன்னச் சைனஸின் தரை ஏறக்குறைய 12 வயதில்தான் மூக்கின் தரை மட்டத்துக்கு இறங்கும். அதுவரை அதற்குக் கீழே நிலைப்பற்களின் முளைகள் அடுக்காக இருக்கும். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குச் சைனஸ் எக்ஸ்ரே எடுப்பதில் பெரும் பயன் இல்லை. அழுதுகொண்டிருந்தால் தோல் வீங்கிச் சைனஸ் மங்கலாகத் தெரியும். தலை சற்றுத் திரும்பினாலும் ஒரு பக்கம் வெள்ளையாக விழும். ஒரு பக்கச் சைனஸ் பிறவியிலேயே சிறுத்திருந்தாலும் படத்தில் சளி நிரம்பியது போலவே இருக்கும். மோவாயைத் தூக்கி, இருந்தபடியோ நின்றபடியோ எடுத்த படமா என்று பாருங்கள். படுத்தபடி எடுத்தால் நீர்மட்டக் கோடு தெரியாது. மேல்விளிம்பு நேர்க்கோடாக இருந்தால் அது தேங்கிய சளி அல்லது சீழ், வளைந்திருந்தால் கட்டி.

சத்திரசிகிச்சையை யோசிக்கும் நிலை வந்தால் சி.ரி. ஸ்கேன் தவிர்க்க முடியாதது. ஆனால் நேரம் பார்த்து எடுக்கவேண்டும். சாதாரணத் தடிமன் பிடித்த பிள்ளைக்கே சைனஸ் தோல் தடித்துத் தெரியும், அதனால் தடிமன் மாறி நாலு கிழமையாவது போகட்டும். சாய மருந்து தேவையில்லை, ஒரு மில்லிமீற்றர் கனத்தில் துண்டுகள், பிள்ளைகளுக்கான குறைந்த கதிர் அளவு. முன்னிருந்து பார்க்கும் வெட்டுத் தோற்றங்களை மறக்காமல் கேளுங்கள். அறிக்கையில் தேடவேண்டியவை: எலும்பு மெலிந்திருக்கிறதா, உள்ளே பல் இருக்கிறதா, சைனஸின் இயற்கை வாய் திறந்திருக்கிறதா, கண்குழியின் காகிதம் போன்ற சுவரில் இடைவெளி உண்டா, மூளைத் தரை எவ்வளவு தாழ்வாக இறங்கியிருக்கிறது. கட்டி தண்ணீரை விட அடர்த்தியாகத் தெரிந்தால் பூஞ்சையையும் நினைக்கவேண்டும். கண்ணோ மூளையோ சம்பந்தப்பட்டிருந்தால் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள்.

அடுத்து தலையிடி. பெற்றோர் அதிகம் ஏமாறுவது இங்கேதான். சைனஸின் தரையில் சும்மா கிடக்கும் சிறு நீர்க்கட்டி தலையிடி தராது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நெற்றியின் இரண்டு பக்கமும் இடிப்பது, சத்தி வருவது, இருட்டறையில் படுத்தால் குறைவது எல்லாம் ஒற்றைத் தலைவலியின் போக்கு. எழுத்துப் பார்க்கக் கண்ணைச் சுருக்கும் பிள்ளைக்குக் கண்ணாடி தேவைப்படலாம். கட்டி இருக்கும் அதே பக்கக் கன்னம், குனிந்தால் பாரமாகி, அங்கேயே திரும்பத் திரும்ப நோகிறது என்றால் மட்டும் தொடர்பைச் சந்தேகிக்கலாம். ஒப்பரேஷன் செய்தும் தலையிடி போகாத பிள்ளைகள் பலரின் கதை, இந்த இடத்தில் கணக்குத் தவறியதுதான்.

மூக்கடைப்புக்கும் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும்: ஒவ்வாமை அல்லது மூக்குக்குப் பின்னால் உள்ள அடினொயிட் வீக்கம். நமது பக்கத்தில் கச்சான் காற்று புழுதியோடு அடிக்கும் மாதங்களில் தும்மலும், வாடை தொடங்கியதும் தடிமனும் வருவதைப் பார்த்தால் புரியும். வாயைத் திறந்தபடி தூக்கமும் குறட்டையும் இருந்தால் அடினொயிட்டைப் பார்க்கவேண்டும். இதையெல்லாம் பீனிசம் என்ற ஒரே பெயரில் அடக்கி மாதக்கணக்கில் அன்ரிபயோட்டிக் கொடுப்பது வீண். கட்டியை அந்த மருந்து கரைக்காது. சளி பத்து நாளுக்கு மேலாகியும் குறையாமல் இருந்தாலோ, குறைந்து மறுபடி கூடினாலோ, 39 பாகை காய்ச்சலோடு மூன்று நாள் தடித்த சளி வந்தாலோதான் அது பாக்டீரியாச் சைனஸ் அழற்சி.

ஆறு முதல் எட்டுக் கிழமை முயலவேண்டியது உப்பு நீரும், டொக்டர் எழுதும் ஸ்டெரொயிட் ஸ்பிரேயும். உப்பு நீருக்கு அரை லீற்றர் கொதித்து ஆறிய தண்ணீரில் 4.5 கிராம் உப்பு, அதாவது தட்டையாக்கிய தேக்கரண்டியில் முக்கால். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் மூக்கில் விடக்கூடாது, அமீபா மூளைக்குப் போன சம்பவங்கள் உலகில் பதிவாகியுள்ளன. ஸ்பிரே அடிக்கும்போது முனையை நடுச்சுவருக்கு எதிர்ப்புறமாக, அதே பக்கக் காதை நோக்கிச் சரிக்கவேண்டும். நேராக அடித்தால் நடுச்சுவர் காய்ந்து இரத்தம் வரும். அடைப்பைத் திறக்கும் சொட்டு மருந்து ஐந்து நாளுக்கு மேல் வேண்டாம், விட்டதும் முன்னிலும் மோசமாக அடைக்கும். வேது பிடிப்பதில் ஒரே பயம் கொதிநீர் பாத்திரம் கவிழ்வது.

இவ்வளவும் பார்த்த பிறகு சத்திரசிகிச்சை எப்போது? ஒற்றைப் பொலிப் என்றால் எப்போதும், மருந்தால் அது போகாது. பல் சம்பந்தப்பட்டது என்றால் எப்போதும். எலும்பை விரிக்கும் கட்டி என்றாலும் அப்படியே, கண் தொடர்பு இருந்தால் சீக்கிரமாக. சாதாரண நீர்க்கட்டி என்றால் அது இயற்கை வாயை அடைத்து ஒரே பக்கச் சைனஸ் அழற்சி திரும்பத் திரும்ப வரும்போதோ, ஆறு மாதம் ஒரு வருட இடைவெளியில் எடுத்த படங்களில் தெளிவாக வளரும்போதோ, என்னவென்று தீர்மானிக்க முடியாதபோதோ. கட்டி சைனஸில் பாதியை நிரப்புகிறது என்பது மட்டும் காரணமாகாது.

முன்பெல்லாம் மேலுதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேலே எலும்பைத் துளைத்துச் சைனஸுக்குள் நுழைவார்கள். அமெரிக்காவில் கால்ட்வெல் 1893 இலும், பாரிசில் லூக் 1897 இலும் தனித்தனியாக எழுதிய முறை. பிள்ளைக்கு அது ஒத்துவராது, ஏனென்றால் துளைக்கும் இடத்திலேயே நிலைக் கோரைப்பல்லின் முளை இருக்கிறது. பல் வராமல் போகலாம், கன்னம் மரத்துப்போகலாம். இன்று பெரும்பாலும் மூக்கின் வழியே எண்டோஸ்கோப்தான்.

ஒப்பரேஷன் மேசையில் நடப்பதைச் சொல்கிறேன். முழு மயக்கம், வாயால் குழாய், தொண்டையில் இரத்தம் இறங்காமல் துணி அடைப்பு. அந்தத் துணி போடும்போதும் எடுக்கும்போதும் பலகையில் எழுதி எண்ணவேண்டும். மறந்தால் பிள்ளை விழிக்கும்போது மூச்சு அடைபடும். தலைப்பக்கம் 15 பாகை உயர்த்தினால் இரத்தம் குறையும். 20 கிலோ பிள்ளையின் உடம்பில் மொத்த இரத்தமே ஒன்றரை லீற்றர்தான், பெரியவருக்கு அற்பமான 150 மில்லிலீற்றர் இங்கே பத்தில் ஒரு பங்கு. மூக்கைச் சுருக்க மருந்தில் நனைத்த பஞ்சுத் துண்டுகளைப் பத்து நிமிடம் வைப்பார்கள். ஊசி மருந்து, மரத்துப்போகச் செய்யும் 1 வீத லிக்னோகெய்ன், இரத்தக் குழாயைச் சுருக்கும் 1:100,000 அட்ரினலின் கலந்தது. அதிகபட்சம் கிலோவுக்கு 7 மில்லிகிராம், 20 கிலோவுக்கு 14 மில்லிலீற்றர், ஆனால் ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு மில்லிலீற்றரே போதும். பஞ்சில் நனைக்கும் கடும் அட்ரினலினும் ஊசி மருந்தும் பார்வைக்கு ஒரே தெளிந்த நீர். மாறிப்போனால் இதயம் தாங்காது, அதனால் முன்னதற்குச் சாயம் கலந்து வேறு பாத்திரத்தில் வைப்பது நல்ல தியேட்டர் பழக்கம்.

சின்னப் பிள்ளைக்கு 2.7 மில்லிமீற்றர் எண்டோஸ்கோப், பெரிய பிள்ளைக்கு 4. மூக்கின் பக்கச் சுவரிலிருந்து தொங்கும் நடு மடலுக்கு வெளிப்புறத்தில் கொக்கி போன்ற மெல்லிய எலும்பு இருக்கும், சைனஸின் இயற்கை வாய் அதன் பின்னால் மறைந்திருக்கும். கொக்கியை எடுத்து, வாயைக் கண்டு, பின்பக்கமாக விரிப்பார்கள். முன்பக்கம் கடிக்கும்போது எலும்பு கெட்டியாகத் தட்டினால் நிறுத்தவேண்டும், அது கண்ணீர்க் குழாயின் எலும்பு. மேலே வெளிப்பக்கம் கண்குழியின் காகிதச் சுவர், அதனால் பிள்ளையின் கண்ணைத் துணியால் மூடக்கூடாது. உதவியாளர் கண்ணை மெல்ல அழுத்தும்போது உள்ளே ஏதாவது அசைந்தால் சுவர் திறந்துவிட்டது. எடுத்த துண்டு தண்ணீரில் மிதந்தால் அது கண்குழிக் கொழுப்பு, கை உடனே நிற்கவேண்டும். சைனஸ் சிறுத்த பிள்ளையில் கொக்கி எலும்பு கண்ணோடு ஒட்டி இருப்பதால் இந்தத் தவறு எளிதாக நடக்கும். ஸ்கேனை முன்பே படித்திருக்கவேண்டும்.

வாய் திறந்ததும் 45, 70 பாகை சாய்வாகப் பார்க்கும் எண்டோஸ்கோப்புகளால் உள்ளே பார்த்து, வளைந்த இடுக்கியால் கட்டியைத் துளைத்து நீரை உறிஞ்சி, பையின் சுவரை எடுப்பார்கள். நீரை மட்டும் வடித்துவிட்டு வந்தால் கட்டி மறுபடி வரும். அதற்காகச் சைனஸ் தோல் முழுவதையும் சுரண்டவும் கூடாது. சளியை வெளியே தள்ளும் நுண்மயிர்கள் அந்தத் தோலில்தான் உள்ளன, அவை எப்போதும் இயற்கை வாயை நோக்கியே தள்ளும். கீழே வேறு துவாரம் போட்டாலும் சளி அங்கே போகாது. பொலிப்புக்கு ஒரு விஷயம்தான் முக்கியம்: அது எந்தச் சுவரில் இருந்து புறப்படுகிறதோ அந்த அடி எடுபடவேண்டும். தொங்கும் பகுதியை மட்டும் இழுத்து எடுத்தால் வீட்டார் மகிழ்வார்கள், ஒன்றிரண்டு வருடத்தில் அதே கட்டி திரும்பி நிற்கும். முன்சுவரிலோ தரையிலோ அடி இருந்து எட்டவில்லை என்றால் மூக்கின் கீழ்ப்பாதையால் இன்னொரு சிறு வழி திறப்பதுண்டு, பல்முளைகளையும் கண்ணீர்க் குழாயின் வாயையும் விலக்கி. பிள்ளையின் முகம் வளராமல் போகுமோ என்ற பயத்துக்கு, ஏறக்குறைய பத்து வருடம் கழித்து அளந்து பார்த்த ஆய்வில் வித்தியாசம் காணப்படவில்லை.

பல்லில் இருந்து வந்ததென்றால் வழி வேறு, அது தாடை முகச் சத்திரசிகிச்சை நிபுணரின் வேலை. பெரிய பையை உடனே முழுதாக எடுக்காமல் வாய்ப்பக்கம் ஒரு சன்னல் திறந்து, தினமும் கழுவி மாதக்கணக்கில் சுருங்கவிடுவார்கள். பல் தானாக இறங்கி வருவதும் உண்டு. சின்ன வயதில் பல்லை இழக்காமல் இருக்க இந்தப் பொறுமை பெறுமதியானது.

எங்கே போவது? முதல் மதிப்பீட்டைத் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் தொடங்கலாம். கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளிலிருந்தும் கடிதம் வாங்கலாம். சிறு பிள்ளை, கண் அல்லது மூளைத் தொடர்பு, இரண்டாம் முறை வந்த பொலிப் என்றால் கொழும்பு லேடி றிட்ஜ்வே அல்லது பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்புவது நியாயம். கிளினிக் கொப்பியோடு ஸ்கேன் படங்களையும் கொண்டுபோங்கள், அறிக்கைத் தாள் மட்டும் போதாது.

முன்னேற்பாட்டில் தவறுவது சில சின்ன விஷயங்கள். திண்ம உணவும் பாலும் ஆறு மணித்தியாலம் முன்பே நிறுத்தவேண்டும், தாய்ப்பால் நான்கு, வெறும் தண்ணீர் இரண்டு. பிஸ்கட் ஒன்று பரவாயில்லை என்று கொடுத்தால் ஒப்பரேஷன் தள்ளிப்போகும். சளிக்காய்ச்சல் வந்து இரண்டு கிழமை ஆகாவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். ஆடும் பாற்பல் இருந்தால் மயக்க மருந்து டொக்டரிடம் காட்டுங்கள், குழாய் போடும்போது அது மூச்சுக்குழலுக்குள் விழக்கூடும். அண்மையில் டெங்கு வந்திருந்தால் பிளேட்லட் எண்ணிக்கையை மறுபடி பார்க்கவேண்டும். 2017 இல் கிண்ணியா பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. பல் பிடுங்கியபோது நெடுநேரம் இரத்தம் போனது போன்ற குடும்ப விபரங்கள் எந்த இரத்தப் பரிசோதனையையும் விடப் பயன்படும்.

முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு கிழமை மூக்குச் சீறக்கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்மவேண்டும். நோவுக்குப் பரசிட்டமோல், கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நாலு தரத்துக்கு மேல் இல்லை. அஸ்பிரின் பிள்ளைக்கு ஆகாது, 12 வயதுக்குக் கீழ் கொடீனும் வேண்டாம். மறுநாள் முதல் உப்பு நீர். பள்ளிக்கூடம் பத்து நாளில், உப்புவெளிக் கடலில் குளியல் நாலு கிழமைக்குப் பிறகு, தலைகீழாகப் பாய்வது இன்னும் இரண்டு கிழமை தள்ளி. தூக்கத்தில் பிள்ளை அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருந்தால் பின்னால் இரத்தம் இறங்குகிறது, எழுப்பித் தொண்டையைப் பாருங்கள். கண் இமை வீங்கினாலோ, கண் தள்ளினாலோ, பார்வை மங்கினாலோ, குனியும்போது ஒரு மூக்கால் தெளிந்த நீர் சொட்டினாலோ விடியும்வரை காத்திருக்கவேண்டாம். கொழும்பில் செய்திருந்தால் முதல் சில நாள் அங்கேயே உறவினர் வீட்டில் தங்குங்கள். ஹபரணைக் காட்டு வழியில் நடுராத்திரி இரத்தம் வந்தால் பஸ்ஸில் ஒன்றும் செய்யமுடியாது.

எடுத்த திசு சோதனைக்குப் போயிருக்கிறதா என்று கேட்டு, அந்த முடிவின் பிரதியைக் கொப்பிக்குள் ஒட்டிவையுங்கள். பல் சார்ந்த திசு என்று வந்தால் பல் பிரிவுக்குத் திரும்பவேண்டும், பொலிப் என்று வந்தால் இரண்டு வருடம் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்டோஸ்கோப் பார்க்கவேண்டும். உங்கள் மகனுக்கு இப்போது செய்யவேண்டியது கண்ணாடியில் மூச்சுச் சோதனை, மேல் பற்களை இரண்டு பக்கமும் ஒப்பிடுதல், தலையிடி வரும் நேரத்தையும் பக்கத்தையும் ஒரு மாதம் எழுதிவைத்தல். அந்தத் தாளோடு காது மூக்குத் தொண்டை கிளினிக்குக்குப் போய், எண்டோஸ்கோப் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.